துணியைத் திருப்பிப் பார்ப்பவர்களோடு கட்ச் பயணம்

குஜராத்தின் கட்ச் போய்வந்தேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது வெள்ளை உப்புவெளியைத்தான். எங்கள் குழு அதற்கு ஒரு மாலைப்பொழுதைத்தான் ஒதுக்கியது. மற்ற நேரமெல்லாம் துணி, துணி, துணி. புஜ் நகரில் தங்கிக்கொண்டு, காலையில் வேனில் கிளம்பி ஊர் ஊராகப் போய், இருட்டிய பிறகுதான் அறைக்குத் திரும்புவோம். சொந்தமாகத் தறி வைத்திருப்பவர், ஃபேஷன் டிசைன் படிக்கும் பெண்கள், ஆரி வொர்க் செய்யும் ஓர் அக்கா, என்னைப் போன்ற சேலைப் பிரியர்கள் என்று கலவையான கூட்டம். இவர்கள் எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதல் வேலையாகத் திருப்பித்தான் பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

முதலில் அஜ்ரக்பூர். 2001 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு பிறந்த ஊர் இது. அதற்கு முன்பு, சாயமும் அச்சும் தொழிலாகக் கொண்ட கத்ரி குடும்பங்கள் தமட்கா என்ற ஊரில் அஜ்ரக் துணி, அதாவது மரக்கட்டையால் அச்சிட்டுச் சாயமேற்றும் துணி, அச்சடித்துவந்தன. நிலநடுக்கத்தில் வீடுகள் இடிந்ததோடு, அங்கே நிலத்தடி நீரின் தன்மையும் மாறிப்போனது. தண்ணீரில் இரும்பு கூடினால் சாயத்தின் நிறம் கெட்டுவிடும். அதனால் பலர் நல்ல தண்ணீரைத் தேடி வந்து இந்தப் புது ஊரைக் கட்டிக்கொண்டார்கள்.

நாங்கள் போனபோது, கடுக்காய்ச் சாயத்தில் முக்கிக் காயவைத்த துணி மேசைமேல் இளமஞ்சளாக விரிந்திருந்தது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவைத்து, அந்த நீரில் புளியங்கொட்டை மாவைச் சேர்த்துக் கூழாக்கியிருந்தார்கள். தட்டில் பார்த்தால் அவ்வளவு கறுப்பாக இல்லை. அச்சுக்கட்டை துணியில் பட்டதும் கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து, கோடு நம் கண்முன்னே கறுக்கிறது. பென்சில் குறி, அளவுகோல் எதுவும் கிடையாது. பெரியவர் ஒருவர் கட்டையின் மூலையை முந்தைய அச்சின் மூலையோடு பொருத்துகிறார், கைமணிக்கட்டால் ஒரு தட்டு, அடுத்த இடம். படிகாரம் அச்சிட்ட பகுதி, பின்னால் மஞ்சிட்டியில் கொதிக்கும்போது சிவக்கும். சுண்ணாம்பும் பிசினும் பூசிய இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். நீலத்துக்கு அவுரித் தொட்டி. இருபக்க அஜ்ரக்கில் இதே வடிவத்தைப் பின்பக்கமும் கோடு பிசகாமல் அச்சிடுகிறார்கள். எது முன், எது பின் என்று எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை.

அதே ஊரில்தான் 2016இல் திறந்த கைவினை அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்ருஜன் அமைப்பின் உழைப்பு அது. 1969 வறட்சியின்போது, சந்தாபென் ஷ்ராஃப் நிவாரணப் பணிக்காகத் தனேட்டி கிராமத்துக்குப் போனார். இலவச உதவி வாங்க அங்கிருந்த பெண்கள் கூச்சப்பட, அவர்கள் கையில் இருந்த வேலைப்பாட்டுக்கே கூலி கொடுக்கலாம் என்று சேலைகளைக் கொடுத்து எம்ப்ராய்டரி செய்யச் சொன்னார். ஸ்ருஜன் பிறந்த கதை இதுதான். இங்கே அவசரப்படவே கூடாது. ஆகிர், ரபாரி, ஜத், முத்வா என்று ஒவ்வொரு சமூகத்தின் தையலும் தனி. கூட வந்த அக்கா மோச்சி வேலைப்பாட்டின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. தோல் தைத்த மோச்சி சமூகத்தார் அந்த ஆரிக் கொக்கி ஊசியைக் கொண்டே அரசவைக்காகப் பட்டில் சங்கிலித் தையல் போட்டார்கள். “நான் தினமும் பிடிக்கிற ஊசிம்மா இது” என்றார், அவ்வளவு பெருமையாக.

என் மனம் முழுதாகப் பறிபோனது சும்ராசரில், சூஃப் தையலைப் பார்த்தபோதுதான். 1971 போரையொட்டி சிந்துப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் கலை இது. துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. பாவு, ஊடை நூல்களை எண்ணி எண்ணி, துணியின் பின்பக்கத்திலிருந்தே ஊசியைச் செலுத்துகிறார்கள். முன்பக்கம் முக்கோணங்களாக நிறைகிறது. ஒரு நூல் தப்பினாலும் அடுத்த முக்கோணம் கோணிவிடும். திண்ணையில் தைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அனுமதி கேட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். அப்படியும் எங்களால் எண்ணி முடியவில்லை.

எங்களில் ஒருவர் அங்கே பேரம் பேச ஆரம்பித்தார். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. மாதக்கணக்கில் கண்ணைக் கொடுத்துத் தைத்ததற்கு, வாங்க முடிந்தால் சொன்ன விலையைக் கொடுக்கலாம், முடியாவிட்டால் சின்னதாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

நிரோணா ஊரில் ரோகன் என்னும் துணி ஓவியத்தைப் பார்த்தோம். ஆமணக்கெண்ணெயைக் காய்ச்சிக் கெட்டியாக்கி நிறம் சேர்த்து, உள்ளங்கையில் வைத்து உலோகக் குச்சியால் நூல்போல இழுத்துத் துணியில் இறக்குகிறார்கள். பாதி வரைந்துவிட்டுத் துணியை மடித்து அழுத்தினால் மறுபாதி தானே பதிகிறது. அப்புறம் புஜோடியின் வண்கர் நெசவாளர்கள். மானாவாரியாக விளையும் காலா பருத்தியில் நெய்த மேல்துண்டு ஒன்று வாங்கினேன். கொஞ்சம் முரடுதான், ஆனால் துவைக்கத் துவைக்க மெதுவாகிறது.

இப்படி ஒரு குழு கிளம்புவதாக இருந்தால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள், வெயில் தாங்கும். ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு ஊரிலும் முழு நாள் இருங்கள். ஒரு வீட்டுக்குள் எல்லோரும் மொத்தமாக நுழையாமல் நான்கு ஐந்து பேராகப் பிரிந்து போங்கள். தைப்பவருக்கு வெளிச்சம் மறைக்காது, உங்களுக்கும் பேச நேரம் கிடைக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.