எழுதிக் கொடுங்கள்: டென்னசி 1920

ஜூலை 11

இந்த மாதம் வேறு எதுவும் படிப்பதாக இல்லை. அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைக்கான 19ஆவது திருத்தம் 1919 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைத் தாண்டியது. அதற்கப்புறம் 48 மாநிலங்களில் 36 ஒப்புதல் தர வேண்டும். 1920 மார்ச்சுக்குள் 35 வந்தாயிற்று. ஒன்று பாக்கி. டெலவேர் மாநிலம் கைவிட்டதும் எல்லோர் கண்ணும் டென்னசி மேல் விழுந்தது. டென்னசி ஆளுநர் ராபர்ட்ஸுக்குச் சட்டசபையின் சிறப்புக் கூட்டம் கூட்ட மனசே இல்லை, ஜனாதிபதி வில்சன் தந்தி அடித்த பிறகுதான் அசைந்தார்.

ஜூலை 16

எனக்கு இதில் பிடித்தது, யாரும் மேற்கோள் காட்டாத அலுப்பான கடிதங்கள்தான். போராட்டத்தை நடத்திய கேரி சாப்மன் கேட் உள்ளூர்ப் பெண்களை விடாமல் நச்சரித்த விஷயம் ஒன்று: ஒவ்வொரு சட்டசபை உறுப்பினரிடமும் வாக்குறுதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும், எத்தனை மாநிலங்களில் அடி வாங்கியவர்! அப்படிக் கேட்டால் நழுவவும் ஒரு வழி தயாராக இருந்தது. மத்தியில் திருத்தம் வந்த பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட சபைதான் அதன்மேல் முடிவெடுக்கலாம் என்று டென்னசி அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 'நான் எடுத்த பதவிப் பிரமாணம் தடுக்கிறதே அம்மா' என்று சொல்ல இது போதும். ஓஹாயோ மாநில வழக்கில், ஒப்புதலைப் பொதுவாக்கெடுப்புக்கு விட முடியாது, அது சட்டசபையின் வேலை என்று சொல்லி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மாதிரித் தடைகளின் அடிவேரையே ஆட்டிவிட்ட பிறகும் இதே பாட்டு. குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஹார்டிங் பங்குக்கு, மனசாட்சி தடுத்தால் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன் என்கிற தோரணையில் டென்னசிக்காரர் ஒருவருக்குக் கடிதம் எழுத, எதிர் அணிக்குக் கொண்டாட்டம்.

எழுத்தில் கொடுத்தால் மட்டும் என்ன? ஆதரவாளர் என்று நம்பியிருந்த சபாநாயகர் சேத் வாக்கரே கடைசி நேரத்தில் எதிரணிக்குப் போய்விட்டார்.

ஜூலை 23

டென்னசியின் தலைநகர் நாஷ்வில்லின் ஹெர்மிடேஜ் ஹோட்டல். மதுவிலக்கு அமலில் இருந்த காலம், ஆனால் மேல் மாடி அறை ஒன்றில் எதிரணியின் விஸ்கி ஆறாக ஓடியது. உறுப்பினர்கள் தள்ளாடிக்கொண்டு வந்ததைக் கேட் பிற்பாடு கோபமாக எழுதியிருக்கிறார். ஆதரித்தால் சட்டையில் மஞ்சள் ரோஜா, எதிர்த்தால் சிவப்பு.

ஆகஸ்ட் 2

சரி, ஒரு உறுப்பினரின் ஓட்டை மாற்றியதாகச் சொல்லப்படும் அந்தப் புகழ்பெற்ற கடிதம். ஹாரி பர்ன், 24 வயது, நயோட்டா ஊர்க்காரர், டென்னசி சட்டசபையிலேயே இளையவர். அம்மா ஃபெப் பர்ன் பக்கம் பக்கமாக எழுதிய கடிதத்தில் மழை, வீட்டு விஷயம் என்று போய், நடுநடுவே சில வரிகள்: வாக்குரிமைக்கு ஓட்டுப் போடு, அவர்களைச் சந்தேகத்திலேயே வைத்திருக்காதே, நல்ல பிள்ளையாக இருந்து திருமதி கேட்டுக்கு உதவு.

இதை எல்லோரும் 'அம்மா பேச்சைத் தட்டாத பையன்' கதையாக்கிவிட்டார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஃபெப் கல்லூரி வாசல் மிதித்தவர், கணவர் இறந்த பிறகு பண்ணையை நடத்தியவர், செய்தித்தாளை விடாமல் படித்தவர். சபையில் யார் பேச்சு கசப்பாக இருந்தது, மகன் எந்தப் பக்கம் என்று ஏன் இன்னும் பேப்பரில் வரவில்லை என்பதெல்லாம் அவர் கடிதத்தில் இருக்கிறது. இதுவும் ஒரு வாக்காளர் தன் உறுப்பினருக்கு எழுதிய கடிதம்தான், அந்த வாக்காளருக்கு அவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டுத்தான் இல்லை.

ஆகஸ்ட் 10

கசப்பான பக்கம். எதிரணிப் பிரசுரங்களில் கறுப்பினப் பெண்கள் ஓட்டுப் போட்டுவிடுவார்கள் என்கிற பயமுறுத்தல் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்குப் பதிலாக, வெள்ளையர் மேலாதிக்கம் வலுப்படத்தான் செய்யும் என்று கேட் 1917லேயே எழுதியிருந்தார். படிக்கவே கூசுகிறது. 1920 மே மாதம் அதே சட்டசபை மண்டபத்தில் பெண் வாக்காளர் கழக மாநாட்டில் கறுப்பினத் தலைவர் ஃபிராங்கி பியர்ஸ் பேசினார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 18

1920ல் இதே தேதி. டென்னசியின் மேல்சபையான செனட் ஏற்கெனவே 25க்கு 4 என்று முடித்துவிட்டது. கீழ்ச்சபையில் தீர்மானத்தை ஒத்திப்போட வாக்கெடுப்பு: 48க்கு 48, சமம். ஹாரி அப்போது சிவப்பு ரோஜாவோடு எதிரணிப் பக்கம். மறுபடி எண்ணினார்கள், அதே கணக்கு. உடனே நேரடி வாக்கெடுப்பு. ஹாரி 'ஆம்' என்றார், ஒத்திப்போடுவதை எதிர்த்திருந்த பேங்க்ஸ் டர்னரும் 'ஆம்' என்றார். ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்டவர்தான் மறு பரிசீலனை கேட்கலாம் என்பதால் வாக்கர் தன் ஓட்டையே மாற்ற, 50க்கு 46 ஆனது. பிறகு எதிரணி உறுப்பினர்கள் பலர் சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் செய்ய அலபாமாவின் டிகேட்டருக்கு ஓடிப்போனது தனிக் கூத்து.

ஆகஸ்ட் 21

முதல் கடிதத்தைவிட எனக்குப் பிடித்தது ஃபெப்பின் தந்தி. ஹாரி லஞ்சம் வாங்கினார் என்று புரளி கிளம்பியது. லூசியானாவின் முன்னாள் ஆளுநரின் மனைவி நயோட்டாவுக்கே போய், அந்தக் கடிதம் பொய் என்று சொல்லுங்கள் என்று ஃபெப்பை நெருக்கினார். ஃபெப் சம்மதிக்கவில்லை. கடிதம் என்னுடையதுதான், என் பெயரில் வேறு எது வந்தாலும் நம்பாதீர்கள், வந்த பெண்மணி என் வீட்டிலேயே என்னை அவமதித்தார், வெளியே அனுப்பப் பெரும்பாடு பட்டேன் என்று நாஷ்வில்லுக்குத் தந்தி அடித்துவிட்டார். நவம்பரில் ஹாரி மறுபடி ஜெயித்தார்.

அடுத்தது எதிரணித் தலைவி ஜோசஃபின் பியர்சன். அவரும் தன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் வந்தாராம்: இந்தத் திருத்தம் டென்னசிக்கு வந்தால் எதிர்த்துப் போராடுவேன் என்று. அவர் காகிதங்களை அடுத்த வாரம் எடுக்கிறேன்.