ஒரு கடை, மூன்று கதவு எண்: ஜங்ஷனில் மறுபடி ஷட்டர் தூக்கிய அனுபவம்

தீபாவளிக்கு முறுக்கும் முந்திரிக்கொத்தும் போட்டு விற்க வேண்டும் என்றுதான் ஆவணி பிறந்ததிலிருந்து அலைந்தேன். கடை திறந்தது கார்த்திகையில். நடுவில் போன தீபாவளி வியாபாரம் போனதுதான். அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பூட்டிக் கிடக்கிற கடையைத் திரும்பத் திறக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தருக்காவது ஒரு நடை மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சாலைக்குமாரசுவாமி கோயில் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. மாமனார் காலத்துப் பலகாரக் கடை. பஸ்ஸுக்கு ஐந்து நிமிஷம் இருக்கிறது என்றால் ஓடி வந்து கால் கிலோ காராச்சேவு வாங்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஆட்களை நம்பித்தான் கடையே நடந்தது. 2017இல் நெல்லை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. 2018இல் இடித்துக் கட்டுவதற்காகப் பெரியார் பஸ் ஸ்டாண்டை மூடினார்கள். பஸ் போனது, ஆளும் போனார்கள். மாமா ஒன்றரை வருஷம் தாக்குப்பிடித்துப் பார்த்தார். அப்புறம் கொரோனா வந்தது. ஷட்டரை இறக்கிவிட்டுப் பேட்டையில் எங்கள் வீட்டிலேயே பலகாரம் போட்டு, டவுனில் ரத வீதிக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மாமா அதற்கடுத்த வருஷம் தவறிவிட்டார்.

கடையைக் காலி பண்ண மட்டும் எங்களுக்கு மனசு வரவில்லை. கட்டடத்துச் சொந்தக்கார ஆச்சியும் வாடகையைப் பாதியாகக் குறைத்து, "பஸ் ஸ்டாண்டு வரும்போது பாத்துக்கிடலாம், தாயி" என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் இன்றைக்கு இந்தக் கடை இல்லை.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் ஏறியது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மண் கோடு. மாமா பழைய வாடகை ஒப்பந்தம், வரி ரசீது, லைசென்ஸ் எல்லாவற்றையும் ஒரு முறுக்கு டின்னுக்குள் போட்டு வைத்திருந்தார். டின்னைத் திறந்தால் காகிதமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஊறின அப்பளக்கட்டு மாதிரி இருந்தது. வெயிலில் காயவைத்துப் பிரித்துப் பார்த்தேன். மாமாவின் கையெழுத்து ஒரே ஒரு தாளில் மட்டும் மிஞ்சியது. அதை எதற்கும் காட்ட முடியாது. வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டு மறுபடி திறந்து, பஸ் திரும்பி வந்து, சந்தில் ஆள் நடமாட்டம் தெரிய ஆரம்பித்ததும் கடையைத் திறப்பது என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவெடுத்தோம். பஸ் ஸ்டாண்டின் புதுக் கட்டடத்துக்குள் கடை எடுப்பதெல்லாம் எங்கள் சக்திக்கு மீறினது. வெளியே இருக்கிற பழைய சந்துகளும் சேர்ந்து பிழைத்தால்தான் ஜங்ஷன் பிழைத்தது என்று அர்த்தம் என்பது என் எண்ணம்.

சரி, காகித விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குத் தேவைப்பட்டவை: புது வாடகை ஒப்பந்தம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு, அடுப்புக்கும் கண்ணாடி அலமாரிக்கும் மாவு அரைக்கிற மிஷினுக்கும் ஒன்றரை லட்சம் முத்ரா கடன் (சிறு தொழிலுக்கு அரசுத் திட்டத்தில் வங்கி தருகிற கடன்). மின் இணைப்பு ஆச்சி பெயரில் இருந்தது. பாக்கியைக் கட்டியதும் கரண்ட் வந்துவிட்டது.

முதல் அடி உத்யமில் விழுந்தது. போனில் தேடியதும் மேலாக வந்த பக்கத்தைத் திறந்தேன். கொடி, சின்னம், எல்லாம் அரசாங்கப் பக்கம் மாதிரியே இருந்தது. 1,500 ரூபாய் கேட்டார்கள், கட்டிவிட்டேன். உத்யம் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நாமே கால் மணி நேரத்தில் போட்டுவிடலாம். முகவரியின் கடைசியில் ஜிஓவி டாட் இன் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பதிவில் அவர்கள் தங்களுடைய மொபைல் எண்ணைப் போட்டுவிட்டார்கள். பின்னால் முகவரியைத் திருத்தப் போனபோது ஓடிபி அவர்கள் போனுக்குப் போயிற்று. அந்த ஓடிபியை வாங்க நான்கு நாள் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. பிரவுசிங் சென்டரில் போட்டாலும் சரி, தெரிந்த பையன் போட்டாலும் சரி, மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும்.

உணவுப் பதிவுக்கு வீட்டு முகவரியில் ஏற்கெனவே எண் வாங்கி வைத்திருந்தேன். அதையே கடைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பதிவு இடத்துக்குத் தருவது. கடைக்குத் தனியாகத்தான் போட வேண்டும். வருஷ விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் என்பதால் லைசென்ஸ் தேவைப்படவில்லை, பதிவு போதும் என்றார்கள். வருஷத்துக்கு 100 ரூபாய் கணக்கில் கட்டினேன்.

பார்வையிட ஒரு அலுவலர் வந்தார். தண்ணீர் டிரம்முக்கு மூடி இருக்கிறதா, எண்ணெய் எங்கே வைப்போம், கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். வெளியே போய்ச் செருப்பை மாட்டினவர் கதவு நிலையை நிமிர்ந்து பார்த்தார். அங்கே பெயின்டில் 9ஆ என்று எழுதியிருந்தது. "விண்ணப்பத்தில பதினாலுன்னு போட்டிருக்கீங்களேம்மா?" என்றார். வரி ரசீதில் அப்படித்தான் இருக்கிறது சார் என்றேன். "அப்போ ரெண்டையும் போடுங்க. புதிய எண், பழைய எண்ணுன்னு தெளிவா எழுதுங்க. நான் திருப்பி அனுப்புதேன், திருத்திட்டு மறுபடி அனுப்புங்க" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது, ஒரு எண்ணுக்காக இன்னும் பத்து நாளா என்று. திருத்தி அனுப்பினேன், 14 இலக்கப் பதிவு எண் வந்தது. அவர் சொன்னதை அன்றைக்கே எல்லாக் காகிதத்துக்கும் சேர்த்து யோசித்திருந்தால் தீபாவளியைப் பிடித்திருப்பேன்.

ஏனென்றால் வங்கியில் மாட்டினது அதே எண்ணில்தான்.

எந்த வங்கி, எந்தக் கிளை என்று எழுதவில்லை. விண்ணப்பத்தை வாங்கி வைத்தார்கள். வாரத்துக்கு ஒரு தடவை போவேன். "மேனேஜர் பாக்கணும்", "சிஸ்டம் வேலை செய்யல", "திங்கக்கிழமை வாங்க." மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை ஃபைலை எடுத்து வைத்தார் அந்த மேஜைக்காரர். கட்டிக் கொடுத்த நூல்கூட அவிழாமல் அப்படியே இருந்தது. நான் பார்க்கப் பார்க்க அவிழ்த்து, இரண்டு தாளைத் திருப்பிவிட்டு, "இது எந்தக் கடைம்மா? ஒப்பந்தத்தில 14/2, கரண்ட் பில்லுல 9ஆ, வரி ரசீதில 14. மூணு கடைக்கு லோனா கேக்குதீங்க?" என்றார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் வாரமே இதைச் சொல்லியிருந்தால் தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது.

நடந்தது இதுதான். தெருவுக்குப் புது எண் கொடுத்தபோது 9ஆ, 14 ஆனது. மின் இணைப்பில் யாரும் மாற்றவில்லை. ஆச்சி கட்டடத்தை இரண்டு கடையாகத் தடுத்தபோது பேச்சுவாக்கில் எங்களுடையதை 14/2 என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒப்பந்தம் எழுதினவர் அதையே எழுதிவிட்டார். ஜங்ஷனிலும் டவுனிலும் பழைய கட்டடங்கள் பாதிக்குமேல் இப்படித்தான் இருக்கும். உங்கள் கடையும் அப்படியானால், எந்த விண்ணப்பமும் போடுவதற்கு முன்னால் எல்லாக் காகிதத்தையும் ஒரு பாயில் பரப்பி, கதவு எண்ணை மட்டும் விரல் வைத்துப் படித்துப் பாருங்கள்.

என்ன செய்வது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சி. அவரும் இதே சந்தில் இதே பாடு பட்டவர். "எந்த நம்பரையும் மாத்தப் போகாத. அது வருஷக் கணக்கா இழுக்கும். ஒப்பந்தத்தைப் புதுசா எழுது. சொத்து விவரத்தில மூணையும் போட்டு, மூணும் ஒரே இடந்தான்னு ஒரு வரி எழுதிரு. ஆச்சிகிட்ட தனியா ஒரு உறுதிமொழிக் கடிதம் வாங்கிக்கோ. வரி ரசீதையும் கரண்ட் பில்லையும் அது பின்னாலயே வச்சுத் தச்சிரு" என்றார்.

ஆச்சி இப்போது மகள் வீட்டோடு கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறார்கள். தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறினேன். போன் பண்ணிவிட்டுத்தான் போயிருக்க வேண்டும். ஆச்சிக்குப் போன் பேசினால் காது கேட்காது, மகள் எண் என்னிடம் இல்லை. வீட்டில் பூட்டு. எதிர்வீட்டுப் பெண், "ஆச்சி திருச்செந்தூருல்லா போயிருக்காவ. சஷ்டிக்கு ஆறு நாளும் அங்கனதான் இருப்பாவ. சூரசம்ஹாரம் பாத்துட்டு, திருக்கல்யாணமும் முடிஞ்சுதான் வருவாவ" என்றாள். வருஷா வருஷம் ஆச்சி சஷ்டி விரதம் இருப்பது எனக்கும் தெரிந்த விஷயம். அலைச்சலில் மறந்துவிட்டது. எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருந்து திரும்பினேன். ஒரு நாள் பலகாரமும் போடவில்லை.

இரண்டாம் தடவை போனபோது மகளும் இருந்தாள். ஆச்சி மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். "ஒம்பது ஆ" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். "அது எங்க வீட்டுத் தாத்தா எழுதுன நம்பரு. அதை எடுத்துராதிய" என்றார்கள். எடுக்கவில்லை ஆச்சி, மூன்றும் இருக்கும் என்றேன். நிதானமாக, எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு சாட்சியில் ஒருத்தி அந்த எதிர்வீட்டுப் பெண்.

வரி ரசீதும் பழையதுதான் கையில் இருந்தது. அதற்கு மட்டும் அலைய வேண்டியிருக்கவில்லை. நகர்ப்புற வரி கட்டுகிற அரசு இணையதளத்தில் வரிவிதிப்பு எண்ணைப் போட்டதும் கிடைத்தது.

மறுபடி அதே மேஜை. இந்தத் தடவை ஃபைலைப் பிரித்துப் பார்த்தார். எண்ணில் குறை சொல்ல இடமில்லை. அடுத்து, "யாராவது அரசு ஊழியர் ஜாமீன் போடுவாங்களா? இல்லைன்னா ஒரு எஃப்டி போடுங்க" என்றார். முத்ராவில் பிணை கேட்கக் கூடாது. அதில் சிசு என்கிற பிரிவில் 50,000 வரை, கிஷோர் என்கிற பிரிவில் 5 லட்சம் வரை; நான் கேட்டது கிஷோரில் ஒன்றரை லட்சம். இதைப் பாத்திரக்கடை அண்ணாச்சி மகன் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தான். குரலை உயர்த்தாமல், "சரி சார், ஜாமீன் இல்லாததால தர முடியாதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நான் வாங்கிட்டுப் போறேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்து, மெஷின் கொட்டேஷனில் கடைக்காரரின் ஜிஎஸ்டி எண் இல்லை, அதை மட்டும் வாங்கி வாருங்கள் என்றார். கொட்டேஷன் வாங்கும்போதே அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் அன்று மத்தியானமே ஓடிப்போய் வாங்கிவந்து கொடுத்தேன். எட்டாம் நாள் கடன் அனுமதி ஆனது.

ஷட்டர் துருவேறி இறுகிப் போயிருந்தது. வீட்டுக்காரரும் அண்ணாச்சி மகனும் எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டித்தான் தூக்கினார்கள். சுவரில் இருந்த மண் கோட்டின்மேல் வெள்ளையடித்தோம். இரண்டு கை அடித்தும் லேசாகத் தெரிகிறது, இருக்கட்டும்.

திருக்கார்த்திகை அன்று காலையில் திறந்தோம். பனங்குருத்தோலை வாங்கிவந்து விடிய விடிய ஓலைக்கொழுக்கட்டை அவித்தேன். கருப்பட்டியும் சுக்கும் ஓலையும் சேர்ந்த அந்த வாசனை சந்து முனைவரைக்கும் போயிருக்க வேண்டும். பாபநாசம் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் முனையிலேயே நின்று, சந்துக்குள் எட்டிப் பார்த்து, "ஏ, பழைய சேவுக்கடையா இது? அவரு இருக்காரா?" என்று கேட்டார். மாமா இல்லை என்று சொன்னேன். நாலு கொழுக்கட்டை வாங்கிக்கொண்டு, கால் கிலோ சேவும் கட்டச் சொன்னார். பத்து மணிக்குள் நூற்றைம்பது கொழுக்கட்டை தீர்ந்தது.

போர்டு எழுதுகிறவரிடம் பு.எண் 14/2, ப.எண் 9ஆ என்று இரண்டையும் போடச் சொல்லியிருக்கிறேன். புது ஒப்பந்தம் பதினொரு மாசத்துக்கு. வருகிற புரட்டாசியிலேயே கல்லிடைக்குறிச்சிக்குப் போய்விட வேண்டும், ஆச்சி திருச்செந்தூர் கிளம்புவதற்கு முன்னால்.