வரி மடங்காத மின்னூல்

மதியம் பெரியம்மா டேப்லெட்டில் ஒரு நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காசு கொடுத்து வாங்கிய மின்னூல்.

இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ள வேண்டும். சில பக்கங்களிலேயே "கண்ணு வலிக்குதுப்பா" என்று மூடிவிட்டார்.

அச்சுக்குப் போன பக்கத்தை அப்படியே பிடிஎஃப் ஆக்கி விற்றிருக்கிறார்கள். இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவில் தந்திருந்தால் வரிகள் திரைக்கேற்ப மடங்கியிருக்கும். பார்வையற்றோருக்குக் கைபேசியே வாசித்தும் காட்டியிருக்கும்.

மதுரைத் திட்டத் தன்னார்வலர்கள் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகத் தருகிறார்கள். அமேசானின் மின்னூல் வாசிப்பானான கிண்டிலுக்குத் தமிழ் 2016இலேயே வந்துவிட்டது.

அச்சுக்கான பழைய எழுத்துருக் கோப்புகளை, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி மெய்ப்புப் பார்க்கச் செலவாகும்தான். பதிப்பாளர்கள் அதைச் செய்தே ஆகவேண்டும். விலையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளட்டும், சரி, நான் வாங்குகிறேன்.