ஒரு தொப்பிக்காகவா?

"சார், ஒரு தொப்பிக்காகவா இவ்வளவு சண்டை?"

சாயங்கால டியூஷனில் பத்தாம் வகுப்புப் பையன் கேட்டது. வேலூர்ப் புரட்சி, 1806 ஜூலை 10. தேதி, காரணம் எல்லாம் கைடில் இருக்கிற வரிசையிலேயே ஒப்பிப்பான்.

புத்தகத்தை மூடச் சொன்னேன். "நாளையிலிருந்து நெற்றியில் ஒன்றும் வைக்கக் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி நான் சொல்கிற அளவில்தான், தலையில் தோல் வைத்த தொப்பி. சம்மதமா?"

அவன் கை தானாக நெற்றிக்குப் போனது. காலையில் பூசிய திருநீறு வியர்வையில் அழிந்து ஒரு கோடுதான் மிச்சம். அதைத் தொட்டபடியே, "என்ன தோல் சார்?" என்றான்.

இதே உத்தரவு வந்தபோது வேலூர்க் கோட்டைக்குள் இருந்த கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்களும் அதைத்தான் கேட்டார்கள்.

அப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. திப்புவின் பிள்ளைகளை ஏன் அங்கே வைத்திருந்தார்கள், புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தார் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வரைபடத்தில் விரலால் அளந்து பார்த்தோம்.

ஆரம்பத்தில் நானும் நோட்ஸ் சொல்லி எழுத வைத்தவன்தான். பெற்றோர் கேட்பது மார்க், அதில் தப்பில்லை. ஆனால் எந்த இடத்தில் புத்தகத்தை மூடுவது என்று பிடிபட எனக்கு வருஷங்கள் ஆயின. (இன்னும் பல பாடங்களுக்குப் பிடிபடவில்லை. ஒப்பந்தங்கள் என்றாலே எனக்கே கொட்டாவி.)

கடைசியில் ஐந்து மார்க் விடை எழுதச் சொன்னேன். இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தான்.

தேதியை விட்டுவிட்டான்.