சிவப்பு நாளும் ஒரு லஞ்ச் ஷீட்டும்

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஆடி மாசம் பிரான்ஸில மார்செய்யில இருக்கிற சித்தி வீட்டில போய் மூண்டு கிழமை நிண்டனான். திருகோணமலையில இருந்து வெளிக்கிடேக்கயே ஒரு ஆசை, கலாங்க் மலைப்பாதையில ஒரு நாளாவது நடந்து கீழ கடலுக்கு இறங்கவேணும் எண்டு. சித்தியிட மகன் போட்டோ அனுப்பி அனுப்பி ஆசையைக் கிளப்பி விட்டிருந்தவன். வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மலை செங்குத்தா நீலக்கடலுக்குள்ள இறங்கும், எங்கட கோணேசர் கோயிலடிப் பாறைப்பிளவு ராவணன் வெட்டில நிண்டு எட்டிப் பாத்தா அடிவயிறு கூசுமே, அது மாதிரி, ஆனா கிலோமீற்றர் கணக்கில நீளம்.

நாள் குறிச்சு, சப்பாத்தெல்லாம் எடுத்து வைச்சாப் பிறகு முதல்நாள் பின்னேரம் தம்பி போனைப் பாத்திட்டு "அக்கா, நாளைக்கு ஏலாது, சிவப்பு" எண்டான். எனக்கு விளங்கேல்ல. பேந்துதான் சொன்னவன், ஜூன் 1இல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் அடுத்த நாளுக்குக் காட்டுத்தீ ஆபத்து எவ்வளவு எண்டு முதல்நாளே நிறம் போட்டு அறிவிப்பினமாம், சிவப்பு எண்டா மலைக்குள்ள ஒருத்தரும் போகக்கூடாது. இவ்வளவு தூரம் பறந்து வந்திட்டு வாசலோட திரும்பிறதோ எண்டு எனக்குச் சரியான கோவம்.

விடிய ஜன்னலைத் திறந்த உடன கோவம் போயிட்டுது. மிஸ்ட்ரால் எண்டு ஒரு காத்து, வடக்கில ரோன் ஆத்துப் பள்ளத்தாக்கால அள்ளிக்கொண்டு வாறது. எங்கட கச்சான் காத்து மாதிரி சூடு இல்ல, ஆனா அதே வறட்சி, உதடு வெடிக்குது, கொடியில போட்ட உடுப்பு கொஞ்ச நேரத்தில மொறுமொறு எண்டு காயுது. அந்த மலையில நிக்கிறது பைன் மரமும் ரோஸ்மேரிப் பத்தையும், ரெண்டிலயும் பிசினும் எண்ணெயும். மழையும் எங்கட ஊர்க் கணக்குத்தான், கோடை முழுக்கக் காய்ஞ்சு கிடந்து ஐப்பசி பிறக்கிற நேரத்திலதான் கொட்டும். அப்பிடிக் காய்ஞ்ச இடத்தில அந்தக் காத்துக்க ஒரு சிகரெட் கட்டை விழுந்தாக் காணும்.

பேந்து வெள்ளிக்கிழமைக்கு, கலாங்கில சுஜித்தோன் எண்ட சின்னக் கடல்குடாப் பக்கம் இடம் கிடைச்சுது. இடம் எண்டு ஏன் சொல்லுறன் எண்டா, கோடையில அங்க இறங்கிறதுக்கு முன்கூட்டிப் பதியவேணும், காசில்ல, ஆனா ஒரு நாளைக்கு 400 பேர்தான். 2022இல கொண்டு வந்த முறை, அதுக்கு முன்னம் சனம் கூடின நாளில 2,500 பேர் வரைக்கும் போனவையாம். லுமினியில பஸ்ஸால இறங்கி நடக்கத் தொடங்கினா, வழியில பச்சை ரீசேட் போட்ட பிள்ளை ஒண்டு கியூஆர் கோட்டைப் பாத்திட்டு எங்கட தண்ணிப் போத்தலையும் காலையும் பாத்தது. நாங்கள் ஆளுக்கு ரெண்டு லீற்றர் கொண்டு போனது, அதுவே திரும்பி ஏறேக்க மட்டுமட்டாத்தான் இருந்தது. உள்ளுக்க ஒரு குழாய் கூட இல்ல. இறக்கம் லேசா இருக்குது எண்டு நம்பி மத்தியானம் வரைக்கும் கீழ கடலில கிடந்திட்டு, உச்சி வெயிலுக்க மேல ஏறிற ஆக்களைப் பாக்கப் பாவமா இருந்தது. செருப்போட போறதும் வேண்டாம், கனகாலம் சனம் மிதிச்சு மிதிச்சு கல்லெல்லாம் கண்ணாடி மாதிரி வழுக்குது.

சித்தி புளிச்சோறு கட்டித் தந்தவ, பாரிஸில எங்கட ஆக்களிட கடைத்தெரு லாச்சப்பலில வாங்கி வைச்சிருந்த லஞ்ச் ஷீட்டில, சோறு சுத்திற மெல்லிய பொலித்தீன் தாள். பாதை ஓரம் ஒரு பாறையில இருந்து சாப்பிட்டு முடிச்சு மடிக்கேக்க சின்னக் காத்து ஒண்டு வந்து ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போய் கீழ ரோஸ்மேரிப் பத்தையில கொளுவி விட்டுது. எட்டி எடுக்கலாம் போல கிட்டத்தான். நான் கயிறு கட்டின இடத்தைத் தாண்டி மூண்டு அடிதான் வைச்சிருப்பன், கால் வைச்ச இடமெல்லாம் மண் பொலபொல எண்டு சரிஞ்சுது. குனிஞ்சு பாத்தா என்ர குதிக்காலுக்குக் கீழ ஒரு பைன் கண்டு, சுண்டுவிரல் உயரம், நுனியில இளம்பச்சை ஊசி நாலைஞ்சு, நடுவால முறிஞ்சு போச்சு.

தம்பி ஒண்டும் பேசேல்ல. கொஞ்சம் தள்ளி நிண்ட பெரிய பைன் மரத்தைக் காட்டினவன். வேர் முழுக்க வெளிய, முழங்கால் உயரத்துக்கு அந்தரத்தில தொங்குது. "ஒவ்வொருத்தரும் மூண்டு அடிதான் அக்கா வைக்கினம்" எண்டான். மிதிச்ச மண் இறுகிப்போய்த் தண்ணியை உறிஞ்சாது, ஐப்பசி மழைக்கு மேல்மண் முழுக்கக் கடலுக்குள்ள போகுது, பழைய மரம் சாக அந்த இடத்துக்கு வாறதுக்குக் கண்டு இல்ல. 400 எண்டு ஏன் எண்ணினவை எண்டு எனக்கு அந்த இடத்திலதான் விளங்கினது. ஷீட்டை எடுத்துக்கொண்டு வந்த அடியிலயே திரும்பக் கால் வைச்சு மேல ஏறினனான், அந்தக் கண்டு இண்டைக்கும் கண்ணுக்க நிக்குது.

ஊருக்கு வந்து அடுத்த கிழமை கோட்டைப் பக்கம் போனா, ஒரு புள்ளிமான் குப்பைக்க நிண்டு லஞ்ச் ஷீட் ஒண்டை மெண்டுகொண்டு நிக்குது. சோத்து மணம் ஒட்டியிருந்தா அது மானுக்குச் சாப்பாடுதானே. வயித்துக்குள்ள பொலித்தீன் அடைச்சு மான் செத்த கதை எங்கட ஊருக்குப் புதுசும் இல்ல. நான் கையில இருந்த வாழைப்பழத்தைக் காட்டிக் காட்டி ஷீட்டை இழுத்தெடுக்கப் பாத்தன், பாதிதான் வந்தது.

எங்கட புறாமலைத் தீவை நினைச்சாலும் அதே கவலைதான். 2003இல தேசிய பூங்கா ஆக்கின இடம், நிலாவெளியில இருந்து போட்டில கொஞ்ச நேரம், லீவு நாளில சனம் இறங்கி முழங்கால் தண்ணிக்க முருகைக்கல்லுக்கு, அதுதான் பவளப்பாறைக்கு, மேலயே நடக்குது. கல்லு எண்டு நினைச்சு மிதிக்கினம், அது உயிருள்ள சாமான், கை அகலம் வளரவே வருசக்கணக்கு வேணும். அங்கயும் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் எண்டு எண்ணி விட்டா நான் எத்தனை கிழமை எண்டாலும் காத்திருப்பன், இடம் கிடைக்காட்டிக் கரையில நிண்டு பாத்திட்டுத் திரும்பி வருவன்.

வாற சனிக்கிழமை அக்காவின்ர பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு அங்க போறம். ஆளுக்கொரு எவர்சில்வர் பெட்டி வாங்கி வைச்சிட்டன், புளிச்சோறுதான் கட்டப்போறன். சின்னவன் இப்பவே கேக்கிறான், முருகைக்கல்லில கால் படாம எப்பிடி சின்னம்மா நீந்திறது எண்டு. வெள்ளிக்கிழமை பின்னேரம் உப்புவெளிக் கடலில மணல் அடியில வைச்சு மிதக்கப் பழக்கிப்போட்டுத்தான் கூட்டிக்கொண்டு போறது.