ரிசப்ஷன் மேசையில் ஒரு நோட்டு

வேலூர் பழைய பேருந்து நிலையத்துக்கும் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் பக்கத்தில் இருக்கிற சந்துகளில் ஒன்றில் எங்கள் சித்தப்பாவின் லாட்ஜ் இருக்கிறது. பதினெட்டு ரூம், லிஃப்ட் கிடையாது, மாடிக்கு மாடி ஒரு பொதுச் சமையலறை. நான் பி.காம். முடித்துவிட்டு 2017-ல் அங்கே ரிசப்ஷனில் உட்கார்ந்தேன். கணக்கு எழுதுவது, சாவி கொடுப்பது, வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கிற சி ஃபாரம் ஏற்றுவது, இதெல்லாம் என் வேலை. இதோடு லாட்ஜுக்கு ஒரு வெப்சைட் போட்டு, அதில் கட்டுரை எழுதி, அதைப் படித்துவிட்டு ஆள் வரவேண்டும் என்கிற வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். சின்னதாகத் தொழில் செய்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்பதும் இதைத்தான். எழுதுகிறோம், யாரும் படிக்கவில்லை, வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் நமக்கு ஒரு லிங்க் கிடைப்பதில்லை, என்னதான் செய்வது?

எனக்கு ஏன் வெப்சைட் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கொல்கத்தா பக்கமிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வைத்தியத்துக்காக ரெண்டு நாள் ரயிலில் வந்து, வேலூருக்குப் பக்கத்து ஸ்டேஷனான காட்பாடியில் இறங்குகிற குடும்பத்துக்கு ஊரும் தெரியாது, பாஷையும் தெரியாது. ஸ்டேஷன் வாசலில் யார் கையைப் பிடிக்கிறாரோ அவர் காட்டுகிற லாட்ஜுக்குத்தான் போவார்கள். கூட்டி வந்தவருக்குக் கமிஷன், அந்தக் கமிஷன் ரூம் வாடகையில் ஏறும். கிளம்புவதற்கு முன்னாலேயே அவர்கள் கண்ணில் நாங்கள் பட்டுவிட்டால் அந்தப் பணம் நோயாளி வீட்டுக்கே மிஞ்சும் என்று நினைத்தேன்.

முதல் வருஷம் முழுக்க நான் எழுதியது ஊர்ப் பெருமை. கோட்டையைப் பற்றி, 1806 ஜூலை 10-ம் தேதி சிப்பாய்கள் எழுந்த கதையைப் பற்றி, பல தலைமுறையாக மூலவர் இல்லாமல் கிடந்து 1981-ல் மறுபடி லிங்கம் வைத்த ஜலகண்டேஸ்வரர் கோயிலைப் பற்றி, ஸ்ரீபுரம் பொற்கோயிலைப் பற்றி எல்லாம் பக்கம் பக்கமாக எழுதினேன். ஆசைப்பட்டு எழுதியதுதான், இப்போது படித்தாலும் மோசமில்லை. ஆனால் கோட்டையைப் பற்றித் தேடுகிறவருக்கு விக்கிப்பீடியா இருக்கிறது, சுற்றுலாத் துறை இருக்கிறது, நூறு பயணத் தளங்கள் இருக்கின்றன. பதினெட்டு ரூம் லாட்ஜ் எழுதியதை அவர் ஏன் திறக்க வேண்டும்? அப்படியே திறந்தாலும், கோட்டை பார்க்க வருகிறவர் எங்கள் லாட்ஜில் தங்கப் போவதில்லை. எங்களிடம் வருகிறவருக்குக் கோட்டை பார்க்கிற மனசும் இல்லை.

படிக்க ஆளே வராததால் குறை லிங்கில்தான் என்று முடிவு கட்டினேன். 1998-ல் கூகுளை ஆரம்பித்தவர்கள் கண்டுபிடித்ததே அதுதானே, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அது சிபாரிசு மாதிரி, நல்ல இடத்து சிபாரிசு இருக்கிற பக்கம் மேலே வரும். சரி, சிபாரிசை வாங்கிவிடலாம் என்று போனில் பேசிய ஒருவரிடம் மூவாயிரம் ரூபாய் கொடுத்தேன், ஐந்நூறு பேக்லிங்க், அதாவது மற்ற பக்கங்களிலிருந்து எங்களுக்கு வருகிற லிங்க், என்றார். ஒரு மாதம் கழித்து, வெப்சைட் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் கொடுக்கிற சர்ச் கன்சோலில் லிங்க் பட்டியலைத் திறந்து பார்த்தபோது வயிறு எரிந்தது. சூதாட்டத் தளங்கள், எனக்கு எழுத்தே புரியாத பாஷைப் பக்கங்கள், ஒரே மாதிரி நாற்பது டைரக்டரிகள். அதில் ஒன்றிலிருந்துகூட ஒரு மனுஷர் எங்கள் பக்கத்துக்கு வரவில்லை. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். இந்த மாதிரி லிங்க்கைப் பிடிப்பதற்கென்றே 2012-ல் தன் தேடல் முறையில் பெங்குவின் என்று ஒரு மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்திருக்கிறது. 2016-லிருந்து அது எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கிறது, குப்பை லிங்க்கைப் பெரும்பாலும் கணக்கிலேயே எடுக்காமல் விட்டுவிடுகிறது. காசுக்குக் கொடுக்கிற லிங்க் என்றால் அதை 'ஸ்பான்சர்டு' என்று குறிக்க வேண்டும் என்று 2019-ல் அதற்கென்று ஒரு குறியும் வந்துவிட்டது. அந்த மூவாயிரம் அப்போது என் சம்பளத்தில் பெரிய பங்கு. யாராவது இதைப் படித்துவிட்டு அந்தப் பணத்தை மிச்சப்படுத்தினால் எனக்குச் சந்தோஷம்.

மாற்றம் வந்தது ஒரு நோட்டிலிருந்து. ரிசப்ஷன் மேசையில் பால் கணக்குக்காக வைத்திருந்த கோடு போட்ட நீள நோட்டு. அதன் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னாடியாக, வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளைக் குறித்து வைக்க ஆரம்பித்தேன். கேட்டவர் சொன்ன மாதிரியே, இந்தியோ வங்காளமோ, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிவிடுவேன். ஒரு மாதத்தில் எட்டுப் பக்கம் நிறைந்தது. அதில் கோட்டை எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஸ்டவ் வாடகைக்குக் கிடைக்குமா, சிலிண்டர் தீர்ந்தால் யார் மாற்றுவார்கள், கடுகெண்ணெய் எங்கே விற்கிறது, புழுங்கலரிசி எங்கள் ஊர் மாதிரி கிடைக்குமா, ராத்திரி ரெண்டு மணிக்குக் காட்பாடியில் இறங்கினால் ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பான், ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகுமென்றால் ஒரு வார வாடகையில் குறைப்பீர்களா. இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் அது ஒன்றும் ஆச்சரியமில்லை. 1971-லேயே சிறுநீரக மாற்று அறுவை செய்த ஆஸ்பத்திரி இது. பெரிய வைத்தியத்துக்கு வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறவர்கள் இல்லை, வாரக்கணக்கில், சிலர் மாசக்கணக்கில் இருப்பார்கள். ஓட்டல் சாப்பாடு நோயாளிக்கு ஆகாது, கூட இருக்கிறவர்களுக்கோ கையில் காசு கரையும். அதனால் அவர்களுக்கு வேண்டியது ஒரு அடுப்படி.

சமையலறையைப் பற்றி எழுதிய கட்டுரைதான் முதலில் ஓடியது. அதில் அலங்காரமே கிடையாது. ஒரு நாள் காலையில் ஒரு சணல் பையை எடுத்துக்கொண்டு, புதிதாக வந்த குடும்பம் என்ன என்ன வாங்குமோ அத்தனையும் நானே வாங்கி வந்தேன். எந்தக் கடையில் கடுகெண்ணெய் சின்ன பாட்டிலாகக் கொடுக்கிறார்கள், மீன் மார்க்கெட்டில் ரோகு, கட்லா எத்தனை மணிக்குள் போனால் கிடைக்கும், குக்கர் வாடகைக்கு எடுத்தால் அட்வான்ஸ் எவ்வளவு, ஊரிலிருந்து தூக்கி வரவேண்டியது எது, வரவேண்டாதது எது என்று எழுதினேன். அடுப்பு மேடை எவ்வளவு உயரம் என்பதைக்கூட டேப்பால் அளந்து போட்டேன், ஏனென்றால் முதுகு வலிக்கிற அம்மாக்கள் அதைக் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் எங்கள் வெப்சைட்டில் அதிகம் பேர் படிப்பது அந்தப் பக்கம்தான்.

சர்ச் கன்சோல் இலவசம், அதைப் பார்க்காமல் எழுதாதீர்கள். எந்த வார்த்தையைத் தட்டியபோது நம் பக்கம் காட்டப்பட்டது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று ரெண்டையும் அது சொல்லும். அதில்தான் வங்காள எழுத்தில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கண்டேன். எங்கள் பக்கம் அவர்களுக்குக் காட்டப்பட்டிருக்கிறது, ஆனால் தமிழும் இங்கிலீஷுமாக இருந்ததால் யாரும் திறக்கவில்லை. உடனே மெஷின் மொழிபெயர்ப்பில் போட்டு ஒரு வங்காளப் பக்கம் தயார் பண்ணிவிட்டேன். மால்டாவிலிருந்து வந்து எங்களிடம் நாலு வருஷமாக ரூம் பார்க்கிற தம்பி ஒருவன் இருக்கிறான், என்னை 'தாதா' என்பான், அவர்கள் பாஷையில் அண்ணன் என்று அர்த்தம். அவன் போனை வாங்கிப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"தாதா, இதுல பேஷன்ட் கூட ஆபீஸ் பியூன் தங்கலாம்னு போட்டிருக்கு."

நோயாளி கூட இருக்கிறவரை அட்டெண்டர் என்று நான் எழுதியது அங்கே போய் பியூன் ஆகிவிட்டது. அவர்கள் ஊரில் 'ரோகிர் லோக்' என்பார்களாம், நோயாளியின் ஆள். அந்த ஒரு சொல்லை வைத்தே முழுக் கட்டுரையையும் ராத்திரி பத்து மணிக்கு மேல் ரெண்டு பேரும் உட்கார்ந்து திரும்ப எழுதினோம், அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன், ஒரு வாரம் ஆயிற்று. அந்தப் பக்கத்துக்குத் தனி முகவரி கொடுத்து, இது வங்காளம், இது தமிழ் என்று தேடுபொறிக்குப் புரிகிற மாதிரி குறித்தும் வைத்தேன். இதற்காக அவன் சம்பளத்தில் தனியாக ஒரு தொகை சேர்க்க வேண்டும் என்று சித்தப்பாவிடம் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தேன், அது அவனுக்குச் சேரவேண்டியது.

லிங்க் எப்படி வந்தது என்றால், நான் கேட்காமல்தான் முதலில் வந்தது. மனைவியின் வைத்தியத்துக்காக ரெண்டு மாதம் எங்களிடம் தங்கியிருந்த ஒரு பெரியவர், ஊருக்குத் திரும்பிய பிறகு அவர்கள் ஊர்க்காரர்களுக்காக நடத்துகிற உதவிப் பக்கத்தில் 'வேலூர் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்' என்று எங்கள் சமையலறைக் கட்டுரையைக் கொடுத்திருந்தார். அந்த ஒரு லிங்கிலிருந்து மாதா மாதம் ஆள் வருகிறார்கள், வந்து "அங்கே பார்த்தோம்" என்று வாயால் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய ஐந்நூறு அந்த ஒன்றுக்கு ஈடாகாது.

கேட்டு வாங்கியதும் உண்டு. வேலூர் பற்றிப் பேசுகிற பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அதில் செத்துப்போன லிங்க் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அந்தப் பக்கத்துக்காரருக்கு நாலு வரி மெயில். "உங்கள் பக்கத்தில் இந்த இடத்தில் இருக்கிற லிங்க் இப்போது திறக்கவில்லை. அதே விஷயத்தை நாங்கள் இங்கே எழுதியிருக்கிறோம், படித்துப் பார்த்துவிட்டுப் பிடித்தால் போடுங்கள்." அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் பதில் போடுவதில்லை, சிலர் போடுகிறார்கள். ஒரே வாசகத்தை நூறு பேருக்கு அனுப்புவதை மட்டும் நான் செய்வதில்லை, அவர்கள் எழுதியதை நான் படித்தேன் என்பது அந்த நாலு வரியில் தெரிந்தால்தான் பதில் வருகிறது.

அப்புறம் ஒரு கட்டுரைக்காக சித்தப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ரூம் எடுப்பதற்கு முன்னால் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதியதில், எங்கள் லாட்ஜில் லிஃப்ட் இல்லை, படி ஏற முடியாதவர்கள் எங்களிடம் வராதீர்கள் என்று மேலேயே போட்டிருந்தேன். கீழ்த்தளத்தில் ரூமும் சக்கர நாற்காலி போகிற வாசலும் இருக்கிற வேறு லாட்ஜ்கள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்றும் எழுதியிருந்தேன்.

"இன்னாடா இது, நம்ம கல்லாவுல உக்காந்துகினு அடுத்தவன் கடைக்கு வழி காட்டற?"

நான் எதிர்த்துப் பேசவில்லை, அவர் வயிற்றெரிச்சலும் நியாயம்தான். ஆனால் டயாலிசிஸ் முடித்த ஒருவரை ரெண்டு பேர் தோளில் சாய்த்து எங்கள் மூன்றாவது மாடிக்கு ஏற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகு வேறு மாதிரி எழுதக் கை வராது. பிறகு நடந்தது என்னவென்றால், மற்றவர்கள் தங்கள் பக்கங்களில் அதிகம் சுட்டிக் காட்டியது அந்தக் கட்டுரையைத்தான். லாபத்துக்காக எழுதியதில்லை என்பது படிக்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. சித்தப்பா இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2022-ல் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்தது, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ரத்தினகிரி பக்கம். சில துறைகள் அங்கே போயின. எனக்கு அது தெரியும், தினமும் பேச்சில் அடிபடுகிற விஷயம். ஆனால் 'ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு' என்ற என் கட்டுரை பழையபடியே ஊருக்குள் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மட்டும் வழி சொல்லிக்கொண்டிருந்தது. தன்பாத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் அதை நம்பி வந்தார்கள். விடிகாலையில் ஊருக்குள் இருக்கிற வாசலில் போய் நின்று, உங்களுக்கு இங்கே இல்லை, ராணிப்பேட்டை வளாகம் என்று தெரிந்து, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் நேரம் தப்பிவிட்டது. சாயந்திரம் அந்தப் பெண் மேசைக்கு வந்து, கோபமாக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், போனைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். என் கட்டுரை. நான் வரைந்து போட்ட மேப்.

அன்றைக்கு ராத்திரியே திருத்தினேன். இப்போது அதன் முதல் வரி, 'உங்கள் அப்பாயின்ட்மென்ட் எந்த வளாகத்தில் என்று முதலில் பாருங்கள்.' அதற்கு மேலே, கடைசியாக எந்தத் தேதியில் சரிபார்த்தேன் என்று இருக்கும். மாதம் பிறந்தால் ஒரு நாள் பஸ்ஸில் ராணிப்பேட்டை வளாகம் வரை போய்விட்டு வருகிறேன், காட்பாடி ஸ்டேஷனில் நின்று ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரிக்கிறேன், கடுகெண்ணெய்க் கடை இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்க்கிறேன். புதிதாகப் பத்துக் கட்டுரை எழுதுவதைவிட இருக்கிற ஆறு கட்டுரையைச் சரியாக வைத்திருப்பதற்கு எனக்கு அதிக நேரம் போகிறது, அதுவே போதும் என்று நினைக்கிறேன். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு விசா குறைந்து வங்கதேசத்திலிருந்து வருகிறவர்கள் குறைந்துவிட்ட நேரத்திலும் எங்கள் ரூம்கள் காலியாகக் கிடக்கவில்லை என்றால், அதற்கு அந்த ஆறு பக்கங்கள் ஒரு காரணம்.

நோட்டில் கடைசியாக எழுதியிருப்பது போன வாரம் அகர்தலாவிலிருந்து வந்த ஒரு அம்மா கேட்டது. மகனுக்கு ஒன்பது வயசு, மருந்தில் முடி கொட்டிவிட்டது. தலைக்குப் பருத்தியில் குல்லா வேண்டும், உள்பக்கம் தையல் குத்தக் கூடாது, எங்கே கிடைக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. லாங் பஜாரில் மூன்று கடை ஏறி இறங்கினேன், இருந்ததெல்லாம் கம்பளிதான். கடைசியில் ஒரு தையல்காரர், பழைய வேட்டித் துணியில் தையலை வெளிப்பக்கமாக வைத்துத் தைத்துத் தருகிறேன், தலை அளவு மட்டும் எடுத்து வா என்றார். ஒரு நூலால் அளவெடுத்துக் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை தருகிறார். பையன் போட்டுப் பார்த்துவிட்டு உறுத்தவில்லை என்று சொன்னால், விலையையும் கடைக்குப் போகிற வழியையும் எழுத வேண்டும், வங்காளத்திலும்.