அட்மிஷன் ரிஜிஸ்டரில் இல்லாத கேள்வி

போன மாதம் புதிதாகச் சேர்ந்த சிறைக் காவலர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற தலைமைக் காவலனுக்கு இதெல்லாம் பெரிய மரியாதை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு போனேன். எதிரே நாற்பது பையன்கள், ஒட்ட வெட்டிய தலைகள். "ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தவங்க கை தூக்குங்க" என்றேன். ஒரு கை எழவில்லை. பின்வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டான்.

எழாது என்று தெரிந்துதான் கேட்டேன். இப்போது போலீஸ், சிறை, தீயணைப்பு மூன்றுக்கும் ஒரே தேர்வு. போலீஸ் ஆக வேண்டும் என்று ஓடிப் படித்தவர்களில் பலர் ஜெயில் வாசலில் வந்து நிற்கிறார்கள். என் கதையும் பெரிதில்லை. 1988-இல் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸிலிருந்து கார்டு வந்தது, போனேன், அவ்வளவுதான்.

பயிற்சியில் கவாத்து, ரைபிள், லத்தி, கயிறு ஏறுவது. அந்த மைதானம் இன்னும் என் முழங்காலில் இருக்கிறது. உள்ளே வருகிற மனிதனிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு ஒரு பீரியட் கிடையாது. எண்ணிக்கை சரியாக இருந்தால் ஜெயில் சரியாக இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த பாடம் அதுதான்.

முதல் வருஷம் என்னை அட்மிஷனில், அதாவது உள்ளே வருகிறவர்களைப் பதிவு செய்கிற இடத்தில், எழுத வைத்தார்கள். ஒருநாள் சாயங்காலம் எல்லோரையும் அறைக்குள் பூட்டும் லாக்கப் முடிந்த பிறகு, ரிமாண்டில் ஒருவன் வந்தான், விசாரணைக் கைதி. பைக் திருட்டு கேஸ், பத்தொன்பது வயசு இருக்கும். பெயர், தகப்பன் பெயர், சாதி, மச்சம் இரண்டு, உடம்பில் காயம், கையில் இருந்த காசு எல்லாம் எழுதினேன். "ஐயா, நான் இங்க இருக்கிறது வீட்டுக்குத் தெரியுமா?" என்றான். அதற்கு ரிஜிஸ்டரில் கட்டம் இல்லை. "அடுத்த ஆள் வா" என்றேன்.

மூன்று நாள் அவன் சாப்பிடவில்லை. யாரும் கவனிக்கவில்லை, எண்ணிக்கை சரியாக இருந்ததே. நாலாம் நாள் அவன் அம்மா மனு பார்க்க வந்தார். உள்ளே இருப்பவரை வீட்டார் வந்து சந்திப்பதை ஜெயிலில் அப்படித்தான் சொல்வோம். இரண்டு ஸ்டேஷன், ஜி.எச். பிணவறை என்று தேடி அலைந்துவிட்டு, கடைசியில் யாரோ சொல்லி எங்கள் வாசலுக்கு வந்திருந்தார்.

இதை வகுப்பில் அப்படியே சொன்னேன். அப்புறம் டெல்லி திகார் ஜெயில் கதை. உள்ளே இருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவரை ஒரு தலைமைக் காவலர் கொடுமைப்படுத்தியதை உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதமாக எழுதினார். பார்க்க வரும் உறவினர்களிடம் பணம் பறிப்பதற்காக நடந்த கொடுமை அது. கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 1979 டிசம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். சிறைகளில் புகார்ப் பெட்டி வை, கைதிக்குத் தன் உரிமை தெரிய ஒரு கையேடு கொடு என்றெல்லாம் அதில் இருக்கிறது. அவரே 1948-இல் சிறையில் இருந்தவர், 1957-இல் கேரளத்தில் சிறைத்துறையையும் கவனித்த அமைச்சர். அந்தக் கதையில் வில்லன் என் பதவிக்காரன் என்று சொன்னபோது பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015-இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகளை அவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார்கள், ஆங்கிலத்தில். மொத்தம் 122 விதி. நாற்பது பேரில் யார் படிப்பார்கள்? நான் என் மகளை உட்கார வைத்து ஆறு விதிகளை மட்டும் தமிழில் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனேன். 68-ஆவது விதியை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். உள்ளே வருகிறவர் உடனே வீட்டுக்குத் தகவல் சொல்ல வழி செய்து தர வேண்டும் என்கிறது அது. 76-ஆவது விதி எங்களைப் பற்றியது. முதலுதவி, மனநலக் கோளாறை ஆரம்பத்திலேயே கண்டுகொள்வது, முரண்டு பிடிப்பவரைப் பேச்சால் அமைதியாக்குவது, இதெல்லாம் காவலருக்குச் சொல்லித்தர வேண்டுமாம். கவாத்து அந்தப் பட்டியலில் இல்லை.

நான் எழுதிய சாதிக் கட்டத்தையும் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எடுக்கச் சொல்லிவிட்டது. எடுத்த இடத்தில் 'வீட்டுக்குச் சொல்லியாச்சா?' என்று ஒரு கட்டம் போடலாம் என்பது என் யோசனை. பார்க்கிற அதிகாரிகளிடமெல்லாம் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள். போர்டில் 'கைதி' என்ற சொல் போய் 'சிறைவாசி' வந்தாயிற்று. வாயில் இன்னும் வரவில்லை, என் வாயிலும்தான்.

ஒருவன் எழுந்து, "சார், ஒரு பிளாக்குக்கே நான் ஒருத்தன்தான் நிப்பேன். இதெல்லாம் கேட்க நேரம் ஏது?" என்றான். நியாயமான கேள்வி. மத்திய அரசின் மாதிரிச் சிறைக் கையேட்டில் ஆறு சிறைவாசிக்கு ஒரு காவலர் என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு டியூட்டி சார்ட்டைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். நல்லா நடத்து என்று சொல்லிக்கொடுத்துவிட்டு ஆளைக் கொடுக்காமல் விட்டால், பழி முழுக்க வாசலில் நிற்கிறவன் தலையில்தான். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

டீ நேரத்தில் அந்தச் சிரித்த பையன் பக்கத்தில் வந்தான்.

"சார், அந்தம்மா வந்தப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"மனு நேரம் முடிஞ்சிடுச்சு, நாளைக்கு வாங்கம்மான்னு சொன்னேன்" என்றேன்.